பனியில் பீரங்கி வெடிக்குமா?

கேள்வி: 28 டிசம்பர், காலை 8.10

அமெரிக்காவின் டிரென்டன் நகரத்தில் நேற்று நடந்த அமெரிக்கச் சுதந்திரப் போர் நடிப்பில் நம் ஆள் ஒருவர் மும்முனைத் தொப்பி வைத்துக்கொண்டு பீரங்கிப் பக்கத்தில் நிற்கும் படத்தைப் பார்த்தேன். இரண்டு கேள்விகள். ஒன்று, பனியிலும் ஈரத்திலும் கருமருந்து நமுத்துப்போகாதா? 1776இல் கொட்டும் பனியில் வாஷிங்டன் பீரங்கி இழுத்துக்கொண்டு போனார் என்பது வெறும் பெருமைக் கதை என்றே நினைக்கிறேன். வேலை செய்தது துப்பாக்கியாகத்தான் இருக்கும். இரண்டு, கும்பகோணத்துக்காரருக்கு அங்கே என்ன வேலை?

28 டிசம்பர், காலை 11.35

படத்தில் இருப்பது நான்தான். கும்பகோணம் இல்லை, பாபநாசம். பக்கத்து ஊர்தான், ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

முதல் கேள்விக்கு விடை நேர் எதிர். அன்று நமுத்தது துப்பாக்கி, வெடித்தது பீரங்கி. அக்காலத் துப்பாக்கியில் சக்கிமுக்கிக் கல்லின் பொறி விழுவதற்கு ஒரு சிறிய கிண்ணி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு சிட்டிகை மருந்து. ஆலங்கட்டியும் பனியும் பக்கவாட்டில் அடிக்கும்போது அந்தச் சிட்டிகையை யார் காப்பாற்றுவது? ஆற்றோரச் சாலையில் ஒரு பிரிவை நடத்திச் சென்ற சல்லிவன், துப்பாக்கிகள் நனைந்துவிட்டன என்று வாஷிங்டனுக்கு ஆள் அனுப்பினார். கத்தியைச் செருகிக்கொண்டு முன்னேறுங்கள் என்று பதில் வந்தது. பீரங்கிக்கு இந்தத் தொல்லை இல்லை. வாய்க்கு ஒரு மரக்கட்டை அடைப்பு, பின்பக்கத் துளைக்கு ஓர் அடைப்பு, மருந்துப் பைகள் மூடி போட்ட பெட்டிக்குள். சுடப்போகும் நேரத்தில் திறந்தால் போதும்.

2,400 பேருக்கு 18 பீரங்கிகள். அக்காலப் படைகளில் ஆயிரம் பேருக்கு இரண்டு மூன்று என்பதே வழக்கம். வாஷிங்டன் தெரிந்தேதான் அளவுக்கு மீறி எடுத்துப்போனார். 18ஐயும் டர்ஹாம் படகுகளில் ஏற்றி டெலவேர் ஆற்றைத் தாண்டி, ஒன்பது மைல் இழுத்து, ஒரு பகுதியைக் காலை எட்டு மணிக்கு டிரென்டனின் தலைமாட்டில் நிறுத்தினார்கள். இரண்டு தெருக்கள் அங்கே கூடுகின்றன. இன்றைய பெயர் வாரன் தெரு, பிராட் தெரு. போர் நினைவுத் தூண் இருப்பதும் அங்கேதான். அங்கிருந்து பார்த்தால் இரண்டு தெருக்களும் நீளமாகத் தெரியும். எதிரியான ஹெஸ்ஸியர் (ஆங்கிலேயர் கூலிக்கு அமர்த்திய ஜெர்மானியப் படையினர்) தெருவுக்குள் அணிவகுக்க முயன்றபோதெல்லாம் நேர்க்கோட்டில் குண்டு வந்தது. அவர்களிடமும் ஆறு சிறிய பீரங்கிகள் இருந்தன. இரண்டைத் தெருவில் கொண்டுவந்து வைத்தார்கள். ஓடிப் போய் அதைப் பிடித்த கூட்டத்தில் 18 வயது ஜேம்ஸ் மன்றோவும் ஒருவர். தோளில் குண்டு பாய்ந்து பிழைத்தார், பின்னாளில் அமெரிக்காவின் ஐந்தாவது குடியரசுத் தலைவர்.

இரண்டாம் கேள்விக்கு இரவு வருகிறேன். பாத்திரம் கிடக்கிறது.

28 டிசம்பர், இரவு 10.20

எனக்கு அங்கே என்ன வேலை என்பதற்கு நேர்மையான பதில்: தெரியாது. மூன்று வருடங்களுக்கு முன் பையனைக் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனேன். முடிந்ததும், பீரங்கியைச் சரிவில் ஏற்ற ஆள் போதவில்லை, கை கொடுக்க முடியுமா என்று ஒருவர் கேட்டார். தள்ளினேன். அடுத்த மாதம் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள், போனேன். யாரும் ஊர், நிறம் கேட்கவில்லை. கேட்டது ஒரே ஒரு சிறுமி. “நீங்கள் எந்த வகை இந்தியர்?” என்றாள். அவள் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு.

அந்த இரவில் படகு ஓட்டிய மார்பிள்ஹெட் மீனவர் படையில் கறுப்பின மக்களும் பழங்குடியினரும் இருந்தார்கள். ஓவியங்களில் இருப்பதுபோல் எல்லோரும் வெள்ளை முகம் இல்லை. பாபநாசத்துக்காரன் இருந்திருக்க மாட்டான், ஒத்துக்கொள்கிறேன்.

29 டிசம்பர், காலை 7.05

நேற்று எழுதியதில் ஒரு பிழை. எங்கள் குழுவில் மூத்தவரிடம் பேசியபோது திருத்தினார். 18 பீரங்கிகளையும் டர்ஹாம் படகில் ஏற்றினார்கள் என்றேன். இல்லை. டர்ஹாம் படகு இரும்புக்கட்டி சுமக்கும் நீண்ட படகு, ஓரம் உயரம், அதில் பீரங்கியை எப்படி இறக்குவது? அதில் ஆட்கள் போனார்கள், பெரும்பாலும் நின்றுகொண்டே. பீரங்கியும் குதிரையும் போனது தட்டையான பரிசல்துறைப் படகுகளில். அதாவது வண்டி மாடு ஏற்றும் படகு. கொள்ளிடத்தில் பாலம் வருவதற்கு முன் தாத்தா காலத்தில் இருந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பீரங்கிகள் முழுவதும் கரையேற அதிகாலை மூன்று மணி ஆகிவிட்டது. திட்டப்படி நள்ளிரவு. இருட்டில் தாக்க நினைத்தவர்கள் வெளிச்சத்தில் தாக்க நேர்ந்தது ஆற்றில் மிதந்த பனிக்கட்டியாலும் பீரங்கியாலும்தான். கேள்வி கேட்டவர் இதைப் பிடித்திருந்தால் நான் மாட்டியிருப்பேன்.

29 டிசம்பர், மதியம் 1.15

வாஷிங்டன் டெலவேர் ஆற்றைத் தாண்டும் புகழ்பெற்ற ஓவியம் பற்றி ஒருவர் கேட்கிறார். ஆமாம், அதில் வாஷிங்டன் நிற்பது சரி. படகுதான் தப்பு.

30 டிசம்பர், இரவு 11.50

சுடுவது எப்படி இருக்கும் என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். நான் சுடுவதில்லை. நான் கட்டைவிரல்.

எங்களுடையது மூன்று ராத்தல் குண்டு போடும் பீரங்கியின் நகல். குண்டு போடுவதில்லை, அலுமினியத் தாளில் சுற்றிய மருந்து மட்டும். குழலின் பின்பக்கம் மேலே ஒரு சிறிய துளை. ஒரு முறை சுட்டபின் குழலுக்குள் கனிந்த துகள் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருவர் திருகுக்கம்பி விட்டு எஞ்சிய தாளைச் சுரண்டி எடுப்பார். அடுத்தவர் ஈரத் துடைப்பானைக் குழலில் விட்டுத் திருகி இழுப்பார். அவர் உள்ளே தள்ளும்போதும் வெளியே இழுக்கும்போதும் நான் அந்தத் துளையை இடது கட்டைவிரலால் அழுத்தி அடைத்திருக்க வேண்டும். விரலில் தோல் உறை. அடைக்காவிட்டால் துளை வழியே காற்று ஓடும், கனல் ஊதுலைபோல் எரியும். அடுத்து புது மருந்துப் பையைக் கெட்டித்துத் தள்ளும்போது அது பற்றிக்கொண்டால், கோலைப் பிடித்திருப்பவரின் கை போய்விடும். 18ஆம் நூற்றாண்டில் உண்மையாகவே போயிருக்கிறது. அதனால்தான் கோலைப் பிடிக்கும்போது கட்டைவிரலைக் கோலைச் சுற்றி மடக்கக் கூடாது, மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். வெடித்தாலும் கோல் கையை விட்டுப் பறந்துபோகட்டும் என்று.

சனிக்கிழமை மில் ஹில் பூங்காவில், அசன்பிங்க் ஓடைக்கரையில் நின்றோம். வெப்பமானி சுழியத்துக்குக் கீழே. மூன்றாவது முறை சுட்டபின் எனக்குக் கட்டைவிரலில் உணர்ச்சி இல்லை. அழுத்துகிறேனா, சும்மா மேலே வைத்திருக்கிறேனா என்று விரலுக்கே தெரியவில்லை. குனிந்து கண்ணால் பார்த்தேன். தோல் உறையின் ஓரத்தில் ஒரு மயிரிழைப் புகை கசிந்தது. மணிக்கட்டை மடக்கி உடம்பின் எடையை எல்லாம் அந்த ஒரு விரலில் இறக்கினேன். புகை நின்றது. கோல் பிடித்திருந்தவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், 70 வயதை நெருங்குபவர். அவர் என்னைப் பார்க்கவில்லை. குழலின் வாய்க்கு நேரே நிற்காமல் பக்கத்தில் ஒதுங்கி, வழக்கம்போல் தள்ளினார். கூட்டம் அடுத்த வேட்டுக்குக் காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தது. அவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

சுட்டபின் அவரிடம் சொன்னேன். “கண்ணால் பார்த்தாயா, நல்லது” என்றார். வேறொன்றும் இல்லை.

31 டிசம்பர், மாலை 4.30

செயற்கை இழைக் கையுறை போட்டுக்கொள்ளலாமே என்று ஒருவர் அன்பாக எழுதியிருக்கிறார். கூடவே கூடாது. பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும், மின்பொறியும் தெறிக்கும். கம்பளி, பருத்தி, தோல் மட்டும். உள்ளே போடும் வெப்ப பனியனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். குளிரட்டும்.

துடைப்பான் வாளித் தண்ணீர் உறைந்துபோவது இன்னொரு கூத்து. சென்ற ஆண்டு துடைப்பான் வாளியோடு ஒட்டிக்கொண்டு, இருவர் சேர்ந்து பிடுங்கினோம். இப்போது வெந்நீரைக் குடுவையில் கொண்டுபோகிறோம். தேநீர்க் குடுவையும் அதே நிறம். ஒரு முறை குழலுக்கு இஞ்சித் தேநீர் போயிற்று. பீரங்கி ஒன்றும் சொல்லவில்லை.

2 ஜனவரி, காலை 6.40

இன்று அசன்பிங்க் சண்டையின் நாள். டிரென்டன் என்றால் எல்லோரும் டிசம்பர் 26ஐ மட்டும் சொல்கிறார்கள். எனக்கு ஜனவரி 2, 1777தான் பிடித்த நாள், பீரங்கிக்காரன் என்பதால்.

ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் பிரின்ஸ்டனிலிருந்து படையோடு வந்தார். முந்தைய நாள்களில் குளிர் தளர்ந்து சாலையெல்லாம் சேறு. அவர் பீரங்கிகள் அச்சு வரை புதைந்தன. அந்தியில் ஓடைப் பாலத்தை மூன்று முறை தாக்கினார்கள். மறுகரையிலிருந்து அமெரிக்கப் பீரங்கிகள் மூன்று முறையும் திருப்பி அடித்தன. மீதியைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கார்ன்வாலிஸ் படுத்தார்.

இரவு காற்று திரும்பியது. சேறு கல்லாக உறைந்தது. வாஷிங்டன் முகாம்த் தீயை எரியவிட்டு, மண் வெட்டும் சத்தம் கேட்கும்படி சிலரை நிறுத்திவிட்டு, பீரங்கிச் சக்கரங்களுக்குத் துணி சுற்றி, சந்தடி இல்லாமல் பின்வழியாகப் பிரின்ஸ்டனுக்கு நழுவினார். சேறு உறையாமல் இருந்திருந்தால் அந்தப் பீரங்கிகளை விட்டுவிட்டுத்தான் போயிருக்க வேண்டும். குளிர் பீரங்கிக்கு எதிரி என்று தொடக்கத்தில் கேட்டீர்களே, எதிரி ஈரம். குளிர் பாதி நேரம் கூட்டாளி.

2 ஜனவரி, இரவு 9.00

கார்ன்வாலிஸ் என்றதும் ஒருவர் “நம்ம கார்ன்வாலிஸா?” என்று கேட்கிறார். அவரேதான். 1781இல் யார்க்டவுனில் சரணடைந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து இந்தியாவுக்குத் தலைமை ஆளுநராக வந்தார், 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவைப் பணியவைத்தார். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் அவர் சிலை நிற்கிறது. திப்புவின் இரு பிள்ளைகளைப் பிணையாக வாங்கிக்கொள்ளும் காட்சி பீடத்தில் இருக்கிறது. நான் பள்ளிச் சுற்றுலாவில் அந்தச் சிலைக்கு முன் நின்று புளியோதரை தின்றிருக்கிறேன். அவர் அசன்பிங்க் ஓடையில் தூங்கிவிட்டவர் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

4 ஜனவரி, இரவு 10.45

இதுதான் கடினமான கேள்வி. கொலைக் கருவியை வைத்து விழாக் கொண்டாடுவதா, பிள்ளைகளுக்கு வேடிக்கையா என்று கேட்டிருக்கிறார் ஒருவர். முதலில் கோபம் வந்தது. பதில் எழுதி, அழித்து, நடந்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 26 அன்று 22 ஹெஸ்ஸியர் இறந்தார்கள், ஏறத்தாழ 900 பேர் பிடிபட்டார்கள். அவர்களின் தலைவர் ராலும் காயம்பட்டு இறந்தார். கிறிஸ்துமஸ் குடியில் மயங்கிக் கிடந்தார்கள் என்ற கதையை எங்கள் பார்வையாளர்களே ஆண்டுதோறும் எங்களுக்குச் சொல்லிக்காட்டுகிறார்கள். கட்டுக்கதை. ஒரு வாரமாகச் சின்னச் சின்னத் தாக்குதல்களால் தூக்கமின்றி, சீருடையோடு படுத்தவர்கள் அவர்கள். தோற்றவரைக் குடிகாரர் ஆக்கிவிட்டால் வென்றவரின் கதைக்கு வசதி. நான் ஒவ்வொரு முறையும் மறுத்துச் சொல்கிறேன். ஒலிபெருக்கியில் கேட்பதில்லை.

வேடிக்கையா என்றால், ஆம், வேடிக்கைதான். எனக்குச் சிறுவயதில் கோயில் திருவிழா வேட்டும் வேடிக்கையாகத்தான் இருந்தது. வேட்டுக்காரர் இரும்புக் குழாயில் மருந்தைப் போட்டுச் செங்கல் தூளால் கெட்டிப்பார். நாங்கள் குளக்கரையில் ஒளிந்து பார்ப்போம். அவர் கையில் இரண்டு விரல்கள் இல்லை. எப்படிப் போயிற்று என்று அப்போது கேட்டதில்லை. இந்த ஊரில் துளையை அடைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் அந்தக் கை நினைவுக்கு வருகிறது.

ஈழத்திலிருந்து வந்த நண்பர் ஒருவரைப் போன வருடம் அழைத்திருந்தேன். வர முடியாது என்றார், காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறுபடி அழைக்கவும் இல்லை. கேள்வி கேட்டவருக்கு என்னிடம் இருக்கும் பதில் அவ்வளவுதான்.

5 ஜனவரி, காலை 7.30

நேற்றையதைப் படித்துவிட்டு அழிக்க நினைத்தேன். இருக்கட்டும்.

9 ஜனவரி, இரவு 8.15

பேச்சு திசை மாறிவிட்டது, திரும்புகிறேன். “டிகாண்டரோகாவிலிருந்து இழுத்து வந்த பீரங்கிகள்தானே டிரென்டனில் வெடித்தவை?” என்று ஒரு கேள்வி. இல்லை. அவை முந்தைய குளிர்காலத்துக் கதை, இரண்டிலும் ஆள் மட்டும் ஒருவரே: ஹென்றி நாக்ஸ். பாஸ்டனில் புத்தகக் கடை வைத்திருந்தவர், வயது 25. பீரங்கி பற்றிப் புத்தகத்தில் படித்ததுதான் பெரும்பாலும். (எங்கள் குழுவிலும் இப்படிப் பலர், நான் உட்பட.) 1775 டிசம்பரில் டிகாண்டரோகாக் கோட்டையிலிருந்து 59 பீரங்கிகள், ஏறத்தாழ 60 டன், சறுக்குவண்டிகளில் 300 மைல் இழுத்து வந்தார். பனி விழவில்லை என்று காத்திருந்தார், விழுந்தபின் அளவுக்கு மீறி விழுந்தது, பிறகு உருகியது. ஹட்சன் ஆற்றின் மேல் பனித்தகடு மெலிந்திருந்தது. துளையிட்டுக் கீழிருக்கும் தண்ணீரை மேலே பரவவிட்டு, அதை உறையவைத்துத் தகட்டைத் தடிப்பாக்கினார்கள். அப்படியும் ஆல்பனி அருகே ஒன்று மூழ்கியது. ஊர்மக்கள் கூடி வெளியே எடுத்தார்கள். நன்றிக்காக அந்தப் பீரங்கிக்கு ஆல்பனி என்றே பெயர் வைத்தார் நாக்ஸ்.

அவை பெரும்பாலும் முற்றுகைக்கான கனத்த குழல்கள். 1776 மார்ச்சில் பாஸ்டனுக்கு மேலே டார்செஸ்டர் மேட்டில் அவற்றை ஏற்றியதும் ஆங்கிலேயர் 17ஆம் தேதி கப்பலேறினார்கள். டிரென்டனுக்கு வந்தவை மூன்று, நான்கு, ஆறு ராத்தல் குண்டு போடும் சிறியவை, கூடக் குட்டையான ஹவிட்சர்கள். டிசம்பர் இரவில் ஆற்றைக் கடக்கும்போது நாக்ஸ் செய்தது இன்னொரு வேலை: கத்துவது. பெருத்த உடல், பெரிய குரல். வாஷிங்டனின் உத்தரவுகள் காற்றை மீறி மறுகரைக்குப் போனது அந்தக் குரலில்தான்.

எங்கள் குழுவிலும் குரலுக்கென்று ஒருவர் இருக்கிறார். பகலில் நூலகத்தில் வேலை.

11 ஜனவரி, மாலை 5.20

கருமருந்து ஏன் நமுக்கும் என்று முதல் கேள்விக்காரரே திரும்பி வந்திருக்கிறார். நல்லது, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நூறு பங்கில் 75 வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம். நன்றாகச் சுத்திகரித்த வெடியுப்பு காற்றிலிருந்து ஈரத்தை அவ்வளவாக இழுக்காது. வேறு உப்புகள் கலந்திருந்தால் இழுக்கும். அதனால் பனிக்காற்று பட்டவுடன் கெட்டுவிடாது. ஆனால் ஒரு முறை நனைந்துவிட்டால் உப்பு கரைந்து தனியே படிந்துவிடும். உலர்த்தினாலும் பழைய மருந்து ஆகாது. அடுப்படியில் காயவைக்கலாமே என்று கேட்காதீர்கள்.

ஆங்கிலேயர் பக்கத்து மருந்தில் பெரும்பங்கு பீகார் வெடியுப்பு, கம்பெனிக் கப்பலில் போனது. ஆகவே, அந்தச் சண்டையில் இந்தியர் இல்லை என்று நான் 28ஆம் தேதி எழுதியது பாதி சரி. பாட்னா பக்கத்து மண் இருந்தது. எதிர்ப்பக்கம்.

12 ஜனவரி, காலை 9.00

ஆயுதத்தின் பெயரைப் பார்த்தால் பீரங்கியே “ஃபிரங்கி”தான், பரங்கியன் கொண்டுவந்தது என்கிறார் ஒருவர். ஆமாம். இப்போது பாபநாசத்துக்காரன் பரங்கியர் ஊரில் அதை அடைத்துக்கொண்டு நிற்கிறான். கணக்கு நேராகிவிட்டது.

18 ஜனவரி, இரவு 9.30

விரல் உறை பற்றிக் கேட்டவர்களுக்கு. என் பழைய உறையின் ஓரம் தேய்ந்துதான் அன்று புகை கசிந்திருக்கிறது, குளிரை மட்டும் குறை சொல்ல முடியாது. 30ஆம் தேதி எழுதியதில் இதைச் சேர்த்துப் படிக்கவும். மிருதங்கத் தோலில் தைத்துப் பாருங்கள் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். தஞ்சாவூரில் அண்ணனிடம் கேட்டு ஒரு துண்டு தபாலில் வந்தது. அம்மா தொலைபேசியில் கேட்டாள், மிருதங்கம் வாசிக்கக் கற்றுக்கொள்கிறாயா என்று. இல்லை, பீரங்கிக்கு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, சாப்பிட்டாயா என்றாள்.

தைத்து, உறைவிப்பானில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தேன். அப்பளம்போல் விறைத்துவிட்டது, துளையில் படியவில்லை. இப்போது மெத்தென்ற மாட்டுத்தோல், உள்ளே இரண்டு மடிப்புக் கம்பளி. விரலில் மாட்டி, மேசை விளிம்பில் இருந்த திருகாணித் துளையை அழுத்தி, பையனை அடியிலிருந்து ஊதச் சொன்னேன். காற்று வரவில்லை. ஓரத்துக்கு இன்னும் ஒரு தையல் போட வேண்டும்.